ஸ்கேன் நார்மல், ஆனால் வலி போகவில்லை: எண்டோமெட்ரியோசிஸ் இழை

14 செப்டம்பர் 2025, அருவங்காடு வாசகி

வயது 23. கல்யாணம் ஆகவில்லை. ஊட்டியில் ஒரு கடையில் பில் போடும் வேலை. மாதவிலக்கு வந்தால் முதல் இரண்டு நாள் எழுந்திருக்க முடியாது. வாந்தி வரும். வெளிக்குப் போகும்போது உயிர் போகிற வலி. வலது தொடை வரைக்கும் இழுக்கும். வயிற்று ஸ்கேன் எடுத்தார்கள், நார்மல். "எல்லாருக்கும் இருக்கிறதுதான், கல்யாணம் ஆனா சரியாயிடும்" என்று அனுப்பிவிட்டார்கள். எண்டோமெட்ரியோசிஸ் என்று ஒன்று இருப்பதாகப் படித்தேன். ஸ்கேன் நார்மல் என்றால் எனக்கு அது இல்லை என்றுதானே அர்த்தம்? யாருக்காவது அனுபவம் இருந்தால் சொல்லுங்கள் அக்கா.

14 செப்டம்பர் 2025, இரவு, தேயிலைக்காரி

இல்லை தங்கச்சி. அந்த ஸ்கேனில் எதுவும் தெரியவில்லை, அவ்வளவுதான். நோய் இல்லை என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

வயிற்றின் மேல் ஜெல் தடவி எடுக்கிற ஸ்கேனில் சினைப்பையில் கட்டி இருந்தால் தெரியும். உள்ளே பழைய ரத்தம் கெட்டியாகித் தேங்கி நிற்பதால் அதைச் சாக்லேட் சிஸ்ட் என்பார்கள். எனக்கு இருந்தது அது. ஆனால் இடுப்புக்குழியின் உள்சவ்வில் சின்னப் புள்ளிகளாகப் படர்கிற வகை பெரும்பாலும் எந்த ஸ்கேனிலும் சிக்காது. கர்ப்பப்பைக்கும் குடலுக்கும் நடுவில் ஆழமாக இறங்குகிற வகையைப் பிறப்புறுப்பு வழியாக எடுக்கிற டி.வி.எஸ். ஸ்கேனிலோ எம்.ஆர்.ஐ.யிலோ பார்க்கலாம், அதுவும் இந்த நோயைப் பார்த்துப் பழகியவர் பார்த்தால். கல்யாணம் ஆகாத பெண் என்றால் நம் பக்கம் டி.வி.எஸ். பற்றிப் பேச்சே எடுக்க மாட்டார்கள். எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா என்று நீயே வாய் திறந்து கேள்.

வெளிக்குப் போகும்போது வலிக்கிறது, தொடைக்கு இழுக்கிறது என்பதை எங்களுக்குச் சொன்னாய். டாக்டரிடம் சொன்னாயா? "வயிறு வலிக்குது" என்று மட்டும் சொல்லியிருந்தால் அவரும் சாதாரண மாதவிலக்கு வலி என்றுதான் எழுதியிருப்பார். நானும் பல வருஷம் அதை மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தேன். மற்றதையெல்லாம் ஓர் ஆண் டாக்டர் முன்னால், அதுவும் அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது, எப்படிச் சொல்வது?

15 செப்டம்பர் 2025, தேயிலைக்காரி

நேற்றுத் தூக்கக் கலக்கத்தில் பாதியில் நிறுத்திவிட்டேன். இந்த நோய் என்ன என்று கேட்டு இரண்டு பேர் தனியாக எழுதியிருக்கிறார்கள்.

கர்ப்பப்பையின் உள்பக்கம் மாதாமாதம் வளர்ந்து உதிர்கிற படலம் இருக்கிறதே, அதைப் போன்ற திசு கர்ப்பப்பைக்கு வெளியே வளர்வதுதான் எண்டோமெட்ரியோசிஸ். சினைப்பை, கருக்குழாய், குடல், சிறுநீர்ப்பை என்று எங்கேயும் ஒட்டலாம். அங்கே புண்ணாகி, அழற்சி வந்து, தழும்பு ஏறி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஏன் வருகிறது என்பதற்கு இன்னும் முழு விடை இல்லை. மாதவிலக்கு ரத்தம் கருக்குழாய் வழியாகப் பின்னோக்கி வயிற்றுக்குள் போவதுதான் காரணம் என்று ஜான் சாம்ப்சன் என்ற அமெரிக்க மருத்துவர் 1920களில் எழுதினார். ஆனால் பெரும்பாலான பெண்களுக்கு அப்படிக் கொஞ்சம் பின்னால் போகத்தான் செய்கிறது, எல்லோருக்கும் நோய் வருவதில்லை. அதனால் உடலின் எதிர்ப்புச் சக்தி, பரம்பரை, ஹார்மோன் எல்லாவற்றுக்கும் இதில் பங்கு உண்டு என்கிறார்கள்.

உலகத்தில் பிள்ளை பெறும் வயதில் இருக்கிற பெண்களில் சுமார் 10 சதவீதம், அதாவது ஏறக்குறைய 19 கோடிப் பேருக்கு இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதைப் படித்தபோது எங்கள் ஃபேக்டரி வாசலில் இலை எடை போட நிற்கிற பெண்களைத்தான் நினைத்தேன். அந்த வரிசையிலும் சிலர் இருக்க வேண்டுமே. ஒருத்தி கூட இதன் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை.

18 செப்டம்பர் 2025, தேயிலைக்காரி

மாத்திரை பற்றி. எனக்கு அதிகம் உதவியது எந்த மாத்திரை என்பதை விட எப்போது போடுவது என்பதுதான்.

மாதவிலக்கு தொடங்கும்போது ப்ராஸ்டாகிளாண்டின் என்ற பொருள் ஊறுகிறது. கர்ப்பப்பையை முறுக்குவது, வாந்தி, பேதி எல்லாம் அதன் வேலை. மெஃபனமிக் ஆசிட், ஐபுப்ரோஃபென், நாப்ராக்சன் போன்றவை அது புதிதாக ஊறுவதைத் தடுக்கும். ஏற்கெனவே ஊறி நிற்பதை எடுக்காது. தாங்க முடியாத கட்டம் வந்த பிறகு போட்டால் மாத்திரை பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும், வலி முன்னால் போய்க்கொண்டே இருக்கும். அறிகுறி தெரிந்த உடனே, அல்லது தேதி ஒழுங்காக வருகிறவர்கள் ஒரு நாள் முன்பே, டாக்டர் சொன்ன அளவில் தொடங்கி, சொன்ன இடைவெளியில் தொடர வேண்டும். "மாத்திரை போட்டுப் பழகக் கூடாது" என்று என் அம்மா என்னை மத்தியானம் வரை காக்க வைப்பார். அக்கறையில்தான் சொன்னார். ஆனால் அந்தக் காத்திருப்பால்தான் நான் அவ்வளவு வாந்தி எடுத்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

வெறும் வயிற்றில் வேண்டாம். இரண்டு இட்லியோ கஞ்சியோ உள்ளே போகட்டும். அல்சர், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் இவற்றைத் தொடக் கூடாது.

18 செப்டம்பர் 2025, சற்று நேரம் கழித்து

மேலே ஒன்றைச் சேர்க்க வேண்டும். மெஃபனமிக் ஆசிட் பற்றி, மருந்துகளின் தரத்தையும் பக்கவிளைவையும் கவனிக்கிற அரசு அமைப்பான இந்தியப் பார்மகோபியா ஆணையம் 2023 நவம்பர் இறுதியில் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. அரிதாகச் சிலருக்கு டிரெஸ் என்கிற கடுமையான ஒவ்வாமை வரலாம். காய்ச்சல், உடம்பெல்லாம் தடிப்பு, நெறிக்கட்டு, உள் உறுப்பு பாதிப்பு. மாத்திரை தொடங்கி 2 முதல் 8 வாரங்களுக்குள் வரக்கூடியது. அதனால் எல்லோரும் அதைத் தூக்கி எறிய வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. தடிப்போ காய்ச்சலோ வந்தால் நிறுத்திவிட்டு உடனே டாக்டரிடம் போக வேண்டும். மருந்துக் கடையில் "வயித்து வலி மாத்திரை" என்று கேட்டு வாங்கி வருஷக்கணக்கில் போடுகிறவர்கள் நம் ஊரில் நிறைய. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

21 செப்டம்பர் 2025, தேயிலைக்காரி

தைலம் தடவலாமா என்று குன்னூர் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார். நம் மலையில் இந்தக் கேள்வி வராமல் இருக்காது.

நீலகிரித் தைலம் மேலே தடவினால் கொஞ்சம் இதம், அவ்வளவுதான். சர்க்கரையில் ஒரு சொட்டு விட்டு விழுங்கச் சொல்லும் பாட்டிமார் உண்டு. வேண்டவே வேண்டாம், உள்ளே போனால் விஷம். விண்டர்கிரீன் தைலத்தில் இன்னும் கவனம் வேண்டும். அதில் இருப்பது மெத்தில் சாலிசிலேட், ஆஸ்பிரின் குடும்பம். தோல் வழியாகவே உடம்புக்குள் இறங்கும். அதைத் தடவிவிட்டு மேலே வெந்நீர்ப் பையை வைத்தால் சூட்டில் இன்னும் அதிகமாக இறங்கும், தோலும் வெந்துபோகும். ஒன்று தைலம், இல்லையென்றால் சூடு. இரண்டும் சேர்ந்து வேண்டாம்.

என் ஓட்டு சூட்டுக்குத்தான். முக்கால் பை வெந்நீர், காற்றை வெளியேற்றி மூடி, துண்டு சுற்றி, அடிவயிற்றிலோ முதுகுக்குக் கீழேயோ ஒரு கால் மணி நேரம். நம் குளிரில் பையை வயிற்றோடு கட்டிக்கொண்டு தூங்கிவிடத் தோன்றும். நான் தினம் அப்படித் தூங்கியதில் வயிற்றில் வலை போல் பழுப்புத் தழும்பு விழுந்தது. சூடு திரும்பத் திரும்பப் பட்டால் தோலில் அப்படி வரும் என்று டாக்டர் சொன்னார். இடைவெளி விட ஆரம்பித்த பிறகு மங்கியிருக்கிறது, முழுதாகப் போகவில்லை.

27 செப்டம்பர் 2025, தேயிலைக்காரி

"கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் தொல்லை விட்டது" என்று எழுதியவருக்கு: எங்கள் எஸ்டேட் லைன் வீடுகளில் ஒரு அக்கா நாற்பது வயதுக்குள் எடுத்துவிட்டார். வலி போகவில்லை. நோய் கர்ப்பப்பைக்கு வெளியே இருக்கிறது. வெளியே ஒட்டியிருப்பதை அப்படியே விட்டுவிட்டுப் பையை மட்டும் எடுத்தால் வலி தொடரலாம். சினைப்பைகளையும் சேர்த்து எடுத்தால் சின்ன வயதிலேயே மாதவிலக்கு நின்று, எலும்பு, இதயம் எல்லாவற்றிலும் அதன் பாதிப்பு வரும். எடுக்க வேண்டிய நிலை சிலருக்கு வரும், எடுத்து நிம்மதியானவர்களும் உண்டு. கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: "ஆபரேஷன்ல வெளியே இருக்கிற திசுவையும் எடுப்பீங்களா?"

எனக்குக் கோவையில் லேப்ராஸ்கோபியில், அதாவது வயிற்றில் சின்னத் துளை போட்டுச் செய்கிற ஆபரேஷனில், சிஸ்ட்டை எடுத்தார்கள். பிறகு நன்றாக இருந்தேன். சில வருஷத்தில் வலி திரும்பி வந்தது, பழைய அளவுக்கு இல்லை. திரும்ப வரக்கூடும் என்பதை எனக்கு யாரும் முன்னாலேயே சொல்லவில்லை. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. சினைப்பைக் கட்டியை எடுக்கும்போது முட்டை இருப்பு குறையலாம் என்பதையும் நான் பின்னால்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். பிள்ளை வேண்டும் என்கிறவர்கள் ஆபரேஷனுக்கு முன்பே இதை டாக்டரிடம் பேசிவிட வேண்டும்.

28 செப்டம்பர் 2025, தேயிலைக்காரி

காப்பீட்டு அட்டை பற்றிக் கேட்டவருக்கு: முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் அட்மிஷன் போடும் முன்பே மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் ஆபரேஷன் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். பணம் கட்டிய பிறகு கேட்டுப் பயனில்லை.

9 அக்டோபர் 2025, தேயிலைக்காரி

மழை பிடித்துவிட்டது. கோத்தகிரிப் பக்கம் இனி டிசம்பர் வரை இப்படித்தான், எந்த நாளில் எங்கே மண் சரியும் என்று சொல்ல முடியாது. கோவையில் டாக்டரைப் பார்க்கிறவர்கள் மாத்திரையைக் கடைசி அட்டை வரை விட்டுவிடாதீர்கள். இந்த நோய்க்குக் கொடுக்கிற ஹார்மோன் மாத்திரை நாள் தவறக் கூடாதது.

மலைப் பாதையில் வலியோடு போனவர்களுக்குத்தான் தெரியும். பர்லியார் பக்கம் 14 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொரு திருப்பத்திலும் இடுப்புக்குள்ளே இழுக்கும். பின் சக்கரத்துக்கு மேல் இருக்கிற சீட்டில் உட்காராதே. முன்பக்கம், ஜன்னலோரம். வாந்தி மாத்திரையைப் பஸ் ஏறுவதற்கு அரை மணி முன்னால். அப்பாயின்ட்மெண்டை முடிந்தவரை மாதவிலக்கு இல்லாத வாரத்தில் போடு. வலி உச்சத்தில் இருக்கும்போது பார்த்தால்தான் டாக்டருக்குப் புரியும் என்று நானும் முன்பு நினைத்ததுண்டு. அந்த நிலையில் எனக்குப் பேச்சே வரவில்லை.

பேச வேண்டியதை நோட்டு பேசும். தேதி, மாதவிலக்கின் எத்தனையாவது நாள், வலி பத்துக்கு எத்தனை, எங்கே வலி, என்ன மாத்திரை, அது கேட்டதா, அன்று எந்த வேலை நின்றது. அந்தக் கடைசி வரியை விட்டுவிடாதே. "ரொம்ப வலி" என்று சொன்னபோது தலையாட்டிய டாக்டர், "மூன்று மாதமாக ஒவ்வொரு தடவையும் இரண்டு நாள் சம்பளம் போச்சு" என்று படித்ததும் பேனாவை எடுத்தார்.

12 அக்டோபர் 2025, தேயிலைக்காரி

சம்பளம் என்றதும் அம்மா ஞாபகம். இது தலைப்பை விட்டுக் கொஞ்சம் விலகும், பரவாயில்லை.

அம்மா எஸ்டேட்டில் கொழுந்து எடுத்தவர். அம்மாவுக்கும் இதே வலி இருந்திருக்கும் என்று இப்போது நம்புகிறேன். பேறுகாலத்துக்குப் பிறகும் நிற்காத வலி, மாதாமாதம் வெளிக்குப் போகப் பயம், எல்லாம் அப்படியே பொருந்துகிறது. நெருங்கிய உறவில் ஒருத்திக்கு இருந்தால் மற்றவளுக்கும் வரும் வாய்ப்பு கூடுதல் என்று மருத்துவமும் சொல்கிறது. சரிவில் நின்று நாள் முழுதும் முதுகில் பாரம். கழிப்பறை கிடையாது. தோட்டத்தில் கழிப்பறை வைக்க வேண்டும் என்று 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டமே அப்போது சொன்னது. அம்மா வேலை செய்த காட்டில் அது செடி மறைவுதான். துணி மாற்ற ஒதுங்கினால் அங்கே காட்டுமாடு நிற்கும், சில நாள் கரடி. ஒருத்தி ஒதுங்க, இன்னொருத்தி தகரத்தைத் தட்டிக்கொண்டு காவல் நிற்பாராம். டிஸ்பென்சரியில் கேட்டால் இரண்டு வெள்ளை மாத்திரை.

எடை குறைந்தால் காசு குறையும். அதனால் வலியோடு எடுத்தார். "பொறுத்துக்கோ" என்று அம்மா எனக்குச் சொன்னபோது, தனக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தைத்தான் சொன்னார். இதை எழுதும்போது பக்கத்தில்தான் இருக்கிறார். "கரடியைக் கூட விரட்டிட்டோம், இந்த வலியை விரட்ட முடியலையே" என்று சிரிக்கிறார்.

19 அக்டோபர் 2025, தேயிலைக்காரி

சோர்வு பற்றிக் கேட்டவருக்கு. ரத்தப்போக்கு அதிகமென்றால் ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டினும், அதாவது உடம்பில் சேமிப்பாக இருக்கிற இரும்பின் அளவும், பார்க்கச் சொல்லுங்கள். இரும்புச் சத்து மாத்திரையைத் தேநீரோடு போடாதீர்கள். சாப்பிட்ட கையோடு தேநீர் குடித்தாலும் கீரை, பயறில் இருக்கிற இரும்பு உடம்பில் சேர்வது குறையும். ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். தேயிலைதான் எங்களுக்குச் சோறு போடுகிறது, இருந்தாலும் இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அந்த மாத்திரையில் மலச்சிக்கல் வரும். நமக்கு அது வலியை இன்னும் கூட்டும். தண்ணீரும் நார்ச்சத்தும் கூடுதலாக எடுங்கள், அப்படியும் முடியவில்லை என்றால் மாத்திரையை மாற்றித் தரச் சொல்லுங்கள்.

2 நவம்பர் 2025, தேயிலைக்காரி

அருவங்காடு தங்கச்சி தனியாக எழுதியிருந்தாள். வீட்டில் மாப்பிள்ளை பார்க்கிறார்களாம், "இதுக்கும் அதுதான் மருந்து" என்கிறார்களாம். எல்லோருக்கும் பயன்படும் என்பதால் பதிலை இங்கேயே போடுகிறேன், அவள் சம்மதத்தோடு.

கல்யாணம் இந்த நோய்க்கு மருந்து இல்லை. கர்ப்பமும் இல்லை. கர்ப்ப காலத்தில் மாதவிலக்கு நிற்பதால் சிலருக்கு வலி அடங்கும், பிறகு திரும்பலாம். நோயைத் தீர்ப்பதற்காக என்று மட்டும் கர்ப்பம் தரிக்கச் சொல்லக் கூடாது என்று ஐரோப்பிய இனப்பெருக்க மருத்துவச் சங்கம் 2022 வழிகாட்டுதலில் தெளிவாகவே எழுதியிருக்கிறது. அதே வழிகாட்டுதலில் இன்னொன்றும் உண்டு: நோயை உறுதிசெய்ய எல்லோருக்கும் முதலிலேயே வயிற்றில் துளை போட்டுப் பார்க்க வேண்டியதில்லை, அறிகுறியை வைத்தே மருந்து தொடங்கிப் பார்க்கலாம்.

கல்யாணம் செய்துகொள்ள விருப்பம் இருந்தால் செய்துகொள். ஆனால் தாம்பத்தியத்தில் ஆழமாக வலிப்பதும் இந்த நோயின் அறிகுறி என்று தெரிந்துகொண்டு போ. முதல் வருஷங்களில் நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன், அவரோ எனக்குத் தன்னைப் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தார். நோயின் பெயர் தெரிந்த அன்றுதான் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசினோம். வலிக்குப் பயந்து இடுப்புத் தசைகள் எப்போதும் இறுகியே இருக்கும், அதைத் தளர்த்தப் பிசியோதெரபி இருக்கிறது. கோவையில் கற்றுக்கொண்ட மூச்சுப் பயிற்சியை இன்றும் படுக்கும் முன் செய்கிறேன். பெரிய வித்தை இல்லை, வயிறு முழுக்க மூச்சு இழுத்து இடுப்பை இளக விடுவது. எனக்குத் தைலத்தை விட அது கேட்கிறது.

பிள்ளை பிறக்காது என்று யாராவது பயமுறுத்தினால் நம்பாதே. சிலருக்குத் தாமதமாகும், சிலருக்குச் சிகிச்சை தேவைப்படும், பலருக்குத் தானாகவே தங்கும்.

6 டிசம்பர் 2025, அருவங்காடு வாசகி

அக்கா, ஊட்டியில் புதிதாகத் திறந்த மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்குப் போனேன். நோட்டைக் காட்டினேன். எம்.ஆர்.ஐ. எழுதிக் கொடுத்தார்கள். கர்ப்பப்பைக்குப் பின்னால் குடலை ஒட்டி இருக்கிறதாம், எண்டோமெட்ரியோசிஸ்தான். டயனோஜெஸ்ட் என்கிற ஹார்மோன் மாத்திரை, 2 மில்லி கிராம், தினம் ஒன்று. அழுதுவிட்டேன், பயத்தில் இல்லை. நான் நடிக்கவில்லை என்று வீட்டில் இப்போதுதான் நம்புகிறார்கள். ஆனால் மாத்திரை தொடங்கியதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ரத்தம் பட்டுக்கொண்டே இருக்கிறது. நிறுத்திவிடட்டுமா?

6 டிசம்பர் 2025, இரவு, தேயிலைக்காரி

நீயாக நிறுத்தாதே. நான் போடுவதும் அதுதான். முதல் சில மாதம் அப்படிக் கசிவது சாதாரணம், போகப் போகக் குறையும். எனக்கும் முதலில் தொல்லையாகத்தான் இருந்தது, இப்போது மாதவிலக்கே இல்லை. தினம் ஒரே நேரத்தில் போடு, இடைவெளி விடாதே. தலைவலி வரலாம். மனசு காரணமில்லாமல் கனத்துப்போனால் அதை டாக்டரிடம் மறைக்காதே, மாற்று மருந்துகள் இருக்கின்றன. இது கர்ப்பத்தடை மாத்திரையாகக் கணக்கில் வராது, பின்னால் கல்யாணம் என்று வந்தால் ஞாபகம் வை. அடுத்த முறை போகும்போது எத்தனை மாதம் தொடரணும், திரும்ப எப்போது ஸ்கேன், குடல் சம்பந்தப்பட்டதால் அறுவை மருத்துவரையும் பார்க்கணுமா என்று மூன்றையும் நோட்டில் எழுதிக்கொண்டு போ.

கசிவு பெரும்போக்காக மாறினால், அதாவது ஒரு மணிக்கு ஒரு பேட் நனைந்தால், அல்லது திடீரென்று ஒரு பக்கம் தாங்க முடியாத வலியோடு காய்ச்சலோ மயக்கமோ வந்தால், காலை வரை காத்திருக்காதே. 108ஐக் கூப்பிடு. அப்பாவிடம் அந்த நம்பரையும் இந்த இரண்டு அறிகுறியையும் இன்றைக்கே சொல்லி வை.